நட்பும் இல்லமும் கலையும்

மனித வாழ்வில் பருவங்கள் பல. அவற்றுள் பிள்ளைமை கழிந்தும் இளமை முற்றாத இடைப்பருவம் ஒன்று உண்டு. அப்பருவத்தில் உடல் வளர்கின்றது. உள்ளம் அதனினும் விரைந்து வளர்கின்றது. நேற்றுவரை அன்னையின் முந்தானையைப் பற்றி நடந்த பிள்ளை இன்று தனித்து நடக்க விழைகின்றது. ஆயினும் செல்லும் வழி அதற்கு முற்றும் தெரிவதில்லை. இத்தகைய பருவத்தினர்க்கு வழித்துணையாகும் கதைகளையே இக்காலத்தார் இளையோர் புனைகதை என்று வழங்குகின்றனர்.

இளையோர் உள்ளத்தை ஆட்கொள்ளும் உறவுகள் மூன்று. முதலாவது இல்லம், அது பிறப்பால் வருவது. இரண்டாவது நட்பு, அது தேர்ந்து கொள்ளப்படுவது. மூன்றாவது கலை, அது உள்ளிருந்து எழுவது. இம்மூன்றும் ஒத்துச் செல்லும் நாள்கள் இனிய நாள்கள். ஆனால், ஒன்றோடு ஒன்று முரணும் நாளும் வரும். மகள் ஓவியம் தீட்ட விரும்புவாள். தந்தை கணக்குப் பாடத்தைப் படி என்பார். தோழன் விளையாட அழைப்பான். நோயுற்ற பாட்டி அருகில் இருக்கச் சொல்வாள். அந்நாளில் இளைஞன் எதனைக் கொள்வான், எதனை விடுவான் என்பதே இளையோர் கதையின் உயிர்நிலை. இம்மூன்றனுள் ஒன்றை உயர்த்துவதற்காக மற்றொன்றை இழிவுபடுத்தாத கதையே இளையோர்க்கு ஏற்ற கதை. இதனைச் சில சான்றுகளால் ஆராய்ந்து காண்போம்.

இவ்வாராய்ச்சியைக் காரைக்காலிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். நாகப்பட்டினத்திற்கும் தரங்கம்பாடிக்கும் இடையே, அரசலாறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்தது அவ்வூர். நாற்புறமும் தமிழ்நாட்டு மாவட்டங்களும் கடலும் சூழ்ந்திருப்பினும், ஆட்சிமுறையில் அது புதுச்சேரியைச் சார்ந்தது. இளம்பெண் ஒருத்தியின் வாழ்வில் இல்லமும் கலையும் எதிர்நின்ற பழங்கதை ஒன்று அவ்வூருக்கு உரியது. அதுவே காரைக்கால் அம்மையார் என்று போற்றப்பெறும் புனிதவதியாரின் வரலாறு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் அதனை விரித்துரைத்துள்ளார்.

புனிதவதியார் வணிகர் குலத்துத் தனதத்தனின் மகள். நாகையைச் சேர்ந்த பரமதத்தனுக்கு அவரை மணம் செய்வித்தனர். ஒருநாள் கணவன் இல்லத்திற்கு அனுப்பிய இரண்டு மாங்கனிகளுள் ஒன்றை, பசித்து வந்த அடியார்க்கு அவர் படைத்துவிட்டார். உண்ண அமர்ந்த கணவன் இரண்டாவது கனியையும் கேட்டான். இறையருளால் அவர் கையில் வேறொரு கனி வந்தது. அதன் சுவை வேறாயிருக்கக் கண்ட கணவன், கனி வந்த வகையை வினவினான். புனிதவதியார் பொய் புகன்று தப்ப எண்ணினாரல்லர். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே உரைத்தார். கணவன் அஞ்சினான், கடல்வாணிகம் செய்வதாகச் சொல்லிக் கலமேறிச் சென்றான், பாண்டி நாட்டில் வேறொரு மனை அமைத்துக்கொண்டான். பின்னர்ப் புனிதவதியார் இல்வாழ்வின் கோலத்தையும் உடலின் அழகையும் துறந்து, இறைவனைப் பாடுவதையே வாழ்வாகக் கொண்டார். அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் ஆகியவை அவர் அருளியவை. பதிகம் என்னும் யாப்பு வடிவிற்கு முன்னோடியாக அறிஞர் அவரையே சுட்டுவர்.

சேக்கிழார் இவ்வரலாற்றைச் சொல்லிய முறை எண்ணத்தக்கது. பரமதத்தனைக் கொடியவனாக அவர் காட்டினாரில்லை. அவன் தன் மனைவியைத் தெய்வமென அஞ்சி விலகியவன்; பின்பு பிறந்த தன் மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டவன்; சுற்றத்தார் அம்மையாரை அழைத்து வந்தபோது மனைவியொடும் மகளொடும் அவர் அடியில் வீழ்ந்து வணங்கியவன். குடும்பம் பிரிந்தது, ஆனால் பகை விளையவில்லை. ஒருத்தியின் பெருமையை நிலைநாட்ட மற்றொருவனை இழிவுபடுத்துதல் வேண்டா என்பதைப் பெரும்புலவர் இங்கே உணர்த்தியிருக்கின்றார். ஆண்டுதோறும் ஆனித் திங்களில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறுகின்றது. பிச்சாடனர் உலா வரும்போது மக்கள் வீடுகளிலிருந்து மாங்கனிகளை இறைக்கின்றனர். கீழே நிற்போர் அவற்றை ஆவலோடு ஏந்திக்கொள்கின்றனர். இல்லத்தைவிட்டு நீங்கிய ஒரு பெண்ணை அவள் பிறந்த ஊரே தாயெனக் கொண்டாடும் விழா அது.

இனித் தமிழ்ப் புதினத்தின் பிறப்பை நோக்குவோம். தமிழின் முதற் புதினமான பிரதாப முதலியார் சரித்திரம் 1879ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை இயற்றியவர் காரைக்காலுக்கு அண்மையிலுள்ள மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை. அந்நூலின் தொடக்கப் பகுதி இளையோர் கதையே ஆகும். செல்வர் வீட்டுப் பிள்ளை பிரதாபன், உறவினர் மகள் ஞானாம்பாள், ஆசிரியர் மகன் கனகசபை ஆகிய மூவரும் உடன் பயில்கின்றனர். செல்வ மகன் பாடத்தில் தவறினால் ஆசிரியர் மகன் அடிபட வேண்டும் என்னும் விந்தை முறையை ஆசிரியர் நகைச்சுவை ததும்ப வரைகின்றார். படிப்போர் முதலில் நகைப்பர். பின்பு, ஒருவன் குற்றத்தை மற்றொருவன் முதுகு சுமப்பது நட்பாகுமா என்று எண்ணத் தொடங்குவர். பெற்றோரின் வீண் பிணக்கால் பிரதாபன், ஞானாம்பாள் திருமணம் தடைப்படும் இடமும் அந்நூலில் உண்டு. பெற்றோரும் பிழை செய்வர் என்பதை வேதநாயகம் பிள்ளை மறைத்தாரல்லர். ஆயினும், பிழை செய்த பெற்றோரை வெறுக்குமாறு அவர் இளையோர்க்குக் கற்பித்தாருமல்லர்.

நட்பைப் பற்றித் தமிழர் கொண்ட கருத்து மிக ஆழமானது. திருவள்ளுவர் நட்பு முதல் கூடா நட்பு ஈறாக ஐந்து அதிகாரங்களை இப்பொருளுக்கென வகுத்துள்ளார். கூடி நகைப்பது மட்டும் நட்பன்று. நெறி தவறும்போது இடித்துரைப்பதும் நட்பே என்பது அவர் துணிபு. இக்கால இளையோர் கதைகள் சிலவற்றில் இக்கருத்து தேய்ந்துவிட்டது. அவற்றில் வரும் தோழர் குழு எப்போதும் சரியானதையே செய்கின்றது. பெற்றோரும் ஆசிரியரும் எப்போதும் தவறியே நிற்கின்றனர். இத்தகைய கதை இளையோர்க்கு இனிக்கும். ஆனால், அவரை வளர்க்காது. தன் குழு சொல்வதெல்லாம் மெய் என்று நம்பும் இளைஞன் தன் அறிவைப் பிறரிடம் அடகு வைத்தவன் ஆகின்றான்.

நட்பின் துன்பத்தையும் ஒளிக்காமல் காட்டிய கதைக்கு ஆர். கே. நாராயணன் 1935ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘சுவாமியும் நண்பர்களும்’ என்னும் புதினம் சான்றாகும். சுவாமிநாதன் பந்தாட்டப் போட்டிக்கு வரத் தவறுகின்றான்; அதனால் நண்பன் ராஜம் அவன்மேல் சினம் கொள்கின்றான். ராஜத்தின் தந்தைக்கு வேற்றூருக்கு மாற்றல் வருகின்றது. புகைவண்டி புறப்படும் நேரத்தில் சுவாமிநாதன் ஒரு கதைப் புத்தகத்தை நண்பனுக்குப் பரிசாக அளிக்கின்றான். நண்பன் மனம் மாறினானா, இல்லையா என்பது சுவாமிநாதனுக்கு உறுதியாகத் தெரியவில்லை. கதையும் அவ்வாறே முடிகின்றது. முறிந்த நட்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று பொய்யுறுதி கூறாத நேர்மை அம்முடிவில் விளங்குகின்றது.

இல்லமும் நட்பும் ஒன்றாய் இணையும் பேரழகைக் காண விரும்புவோர் கு. அழகிரிசாமி எழுதிய ‘ராஜா வந்திருக்கிறார்’ என்னும் சிறுகதையைப் பயிலுதல் வேண்டும். வறிய குடும்பத்துச் சிறுமி மங்கம்மாள். செல்வர் வீட்டுச் சிறுவன் ராமசாமி. தத்தம் பொருள்களைக் காட்டிச் சிறுவர் பெருமை பேசிப் போட்டியிடுகின்றனர். தீபாவளியை ஒட்டி, தாய் தந்தையற்ற ராஜா என்னும் சிறுவன் கிழிந்த ஆடையோடும் உடலில் சிரங்கோடும் மங்கம்மாள் வீட்டு வாயிலுக்கு வருகின்றான். அவள் தாய் அவனை அருவருக்கவில்லை. தன் பிள்ளையைப் போல் நீராட்டுகின்றாள். உடுக்கக் கொடுக்க வேறு துணி இல்லை. தந்தைக்கென வாங்கிய துண்டை அவனுக்கு அளிக்கலாம் என்று சொல்பவள் மகளே. ராமசாமி வீட்டிற்கு வந்தவர் மணவுறவால் வந்த ஜமீன் ராஜா. மங்கம்மாள் வீட்டிற்கு வந்தவனோ பெயரால் மட்டுமே ராஜா. இரண்டாம் ராஜாவைப் பற்றியும் அச்சிறுமி பெருமையோடு சொல்லும்போது, இல்லம் என்பது சுவர்களால் ஆயதன்று, மனத்தால் ஆயது என்பது புலனாகின்றது. இக்கதையில் அறவுரை ஒன்றும் இல்லை. அறம் மட்டும் இருக்கின்றது.

கலையும் இல்லமும் மோதும் இடம் மிகக் கடுமையானது. அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் எழுதிய ‘சிறு பெண்மணிகள்’ என்னும் புதினத்தின் முதற்பகுதி 1868ஆம் ஆண்டில் வெளிவந்தது. நான்கு உடன்பிறந்தாரின் கதை அது. அவருள் ஜோ என்பவள் எழுத்தில் நாட்டம் உடையவள். தன்னை நாடகத்திற்கு அழைத்துச் செல்லாத சினத்தால், தங்கை ஏமி, ஜோ அரிதின் முயன்று எழுதிய கையெழுத்துச் சுவடியைத் தீயிலிட்டுவிடுகின்றாள். தமக்கை மன்னிக்க மறுக்கின்றாள். பின்பு உறைந்த ஆற்றின் பனிப்பரப்பு உடைந்து தங்கை நீரில் வீழும்போது, தன் சினம் அவள் உயிரையே பறித்திருக்கும் என்று ஜோ நடுங்குகின்றாள். அந்த நடுக்கத்தால் எரிந்த சுவடி மீளாது. அதன் இழப்பைச் சிறிதென்றும் ஆசிரியர் சொல்லவில்லை. ஆனால் உடன்பிறந்தாள் உயிர் அதனினும் பெரிது என்பதைத் தமக்கை தானே உணர்கின்றாள். பிறர் உணர்த்தும் பாடத்தினும் தானே உணரும் பாடம் நிலைபெறும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இதன் மறுபக்கத்தைக் கல்கி காட்டியுள்ளார். கல்கி இதழில் 1944ஆம் ஆண்டு முதல் தொடராக வந்த சிவகாமியின் சபதத்தில், ஆயனச் சிற்பியார் அசந்தா ஓவியத்தின் அழியா வண்ணத்தின் இரகசியத்தை அறியப் பெரிதும் வேட்கை கொள்கின்றார். அவ்வேட்கையைப் பகைவன் தனக்குக் கருவியாக்கிக் கொள்கின்றான். அவர் மகள் சிவகாமி பெருந்துயரில் வீழ்கின்றாள். இளையோர் மட்டுமன்றி மூத்தோரும் கலைவெறியால் கடமை மறப்பர் என்பதை இங்கே காண்கின்றோம். ஆயினும், துயரங்கள் அனைத்தையும் கடந்த சிவகாமிக்கு இறுதியில் புகலாவதும் அவள் ஆடற்கலையே. ஆதலின், கலையைத் தீயது என்று தள்ளவும் இயலாது. கலைக்காக எதனையும் இழக்கலாம் என்று கொள்ளவும் இயலாது.

இனி, அண்மைக் காலத்து நூல்களைப் பார்ப்போம். சாகித்திய அகாதெமி 2010ஆம் ஆண்டு முதல் சிறார் இலக்கியத்திற்கெனத் தனிப்பரிசு வழங்கி வருகின்றது. 2020ஆம் ஆண்டுக்கான பரிசு எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ என்னும் நூலுக்கு அளிக்கப்பட்டது. அந்நூலில் மரத்தால் செய்த பழைய பொம்மை ஒரு சிறுமிக்குத் தோழியாகின்றது. தீய எண்ணத்தோடு தொடுவோரிடமிருந்து சிறார் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும், நேர்ந்ததை அஞ்சாமல் வெளியே சொல்ல வேண்டும் என்பதே அக்கதை உணர்த்தும் உண்மை. 2023ஆம் ஆண்டின் பரிசு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ என்னும் புதினத்திற்குக் கிடைத்தது. அதில் இக்காலச் சிறுவன் ஒருவன் கீழடியில் பண்டைக் காலத்துச் சிறுவன் ஆதனோடு நட்புக் கொள்கின்றான். ஆதன் என்னும் பெயர் கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் பொறிக்கப்பட்டிருப்பதை மாணவர் அறிவர். 2025ஆம் ஆண்டின் பரிசு விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ என்னும் புதினத்திற்கு வழங்கப்பட்டது.

முன்னைய இரு நூல்களிலும் பொம்மை இடம்பெறுவதைக் கருதுக. பொம்மை கைவினைஞனின் கலை. இல்லத்தில் பாட்டி பேத்திக்குத் தரும் செல்வம். தனித்திருக்கும் குழந்தைக்குத் தோழமை. மூன்று உறவுகளும் ஒரு சிறு பொருளில் குடிகொண்டமையால் அக்கதைகள் சிறார் நெஞ்சை எளிதில் தொடுகின்றன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இல்லத்தை இழிவுபடுத்தலாகாது என்றால், இல்லத்திலும் பள்ளியிலும் நிகழும் கொடுமைகளைக் கதை மறைக்க வேண்டுமா என்று வினவலாம். மறைத்தல் ஆகாது. மதித்தல் வேறு, வாய்மூடிக் கிடத்தல் வேறு. இரா. நடராசன் எழுதிய ‘ஆயிஷா’ என்னும் குறும்புதினம் இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். கலை என்னும் சொல் தமிழில் கல்வியையும் குறிக்கும். அவ்வகையில் அறிவியலையே தன் கலையாகக் கொண்ட மாணவி ஆயிஷா, வினா எழுப்பியமைக்காக அடிபடுகின்றாள். அடியின் வலி தெரியாதிருக்க வழிதேடித் தன்னையே ஆய்வுக்கு உட்படுத்தி உயிர் இழக்கின்றாள். அவளைப் புரிந்துகொண்ட ஆசிரியை ஒருவர் எழுதும் நூல் முன்னுரையாக அக்கதை அமைந்துள்ளது. கதையைப் படித்து முடித்த ஆசிரியர் பிரம்பைக் கையில் எடுக்கும்முன் ஒருகணம் தயங்குவார். மாணவன் ஒருவன் படித்தால், தன் துன்பத்தைத் தனக்குள்ளேயே புதைத்தல் தகாது, நம்பத்தக்க மூத்தவர் ஒருவரிடம் உரைத்தல் வேண்டும் என்று உணர்வான். கொடுமையைச் சொல்லியும் வெறுப்பை வளர்க்காத நூல் அது.

பெற்றோர் சிலர் கதைநூல் படிப்பு வீண்பொழுது என்று கருதுகின்றனர். பொதுத்தேர்வு நெருங்கும்போது கதைநூலைப் பறித்துப் பெட்டியில் பூட்டுவோரும் உளர். அவர்தம் கவலை அன்பிலிருந்தே பிறக்கின்றது. ஆதலின் அதனை எள்ளுதல் கூடாது. ஆயினும், பாடநூல் உலகத்தை அறிவிக்கும். கதைநூல் பிறர் நெஞ்சத்தை அறிவிக்கும். ராஜாவின் கிழிந்த ஆடையைக் கதையில் கண்டு இரங்கிய மாணவன், தன் வகுப்பில் கடைசி இருக்கையில் தனித்திருப்பவனை ஒருநாள் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வையைத் தேர்வுத்தாள் அளந்து மதிப்பெண் இடுவதில்லை. ஆயினும் வாழ்வுக்கு அது வேண்டும்.

எழுத்தாளரிடம் வேண்டுவதும் ஒன்றுண்டு. கலையில் நாட்டமுடைய சிறுவன் கதையின் இறுதியில் போட்டியில் முதற்பரிசு பெறுகின்றான். தடுத்த தந்தை உடனே கண்ணீர் மல்கித் தழுவிக்கொள்கின்றார். இவ்வாறு முடியும் கதைகள் பல. பரிசு பெறாத சிறுவனின் கலை கலையன்றோ? ஊர்த் திருவிழாவில் தவில் வாசித்துவிட்டு, விடிந்ததும் வயலுக்குச் செல்லும் இளைஞன் கலைஞனல்லனோ? வெற்றியால் மட்டுமே கலைக்கு மதிப்பு என்னும் எண்ணம் இளையோர் உள்ளத்தில் நஞ்சாகும். பாடுவது பாட்டுக்காக, வரைவது வரைவின் இன்பத்திற்காக. இதனைக் கதைகள் கற்பித்தல் வேண்டும்.

காரைக்கால் போன்ற ஊரில் இன்னும் எழுதப்பட வேண்டிய இளையோர் கதைகள் எத்தனை! 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் பிரெஞ்சு ஆட்சி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டில் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின், அங்குள்ளோர் சிலர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தனர். ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரான்சு நாட்டிலும் தம்பி காவிரிக் கரையிலும் வாழும் நிலை வந்தால், இல்லம் என்பது யாது என்று அவ்வீட்டுப் பிள்ளை கேளாதிருக்குமா? 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையின் மீனவர் குடியிருப்புகளைத் தாக்கியது. அலை கொண்டுசென்ற தோழனைத் தாளில் வரைந்து காக்க முயலும் சிறுமியின் கதையை யார் எழுதுவார்? அம்மையார் கோயிலும், தேற்றரவு அன்னை ஆலயமும், மஸ்தான் சாகிபு தர்காவும் விளங்கும் அவ்வூரில், ஒருவர் விழாவுக்கு மற்றொருவர் செல்லும் பிள்ளைகளின் நட்பை யார் எழுதுவார்? அவ்வூரில் பிறந்து, அவ்வூரின் காற்றை உயிர்த்து, அவ்வூர்ப் பேச்சைக் கேட்டு வளரும் இளையோரே அவற்றை எழுதுதற்கு உரியர்.

ஆதலின், மாணவர் கதைகளைப் படிக்கும்போது மூன்று வினாக்களை உள்ளத்தில் கொள்ளுதல் நன்று. இக்கதையில் வரும் தோழன் இடித்துரைக்கும் துணிவுடையவனா? இதில் வரும் தாய் தந்தையர் குறையும் நிறையும் உடைய மனிதரா, அன்றி வெறும் தடைச்சுவர்களா? இதில் வரும் கலை, பரிசு இல்லாதபோதும் நின்று ஒளிருமா? இவ்வினாக்களுக்கு ஆம் என்று விடை தரும் நூல் எளிய நடையில் எழுதப்பட்டிருப்பினும் உயர்ந்த நூலே. இல்லை என்று விடை தரும் நூல் எத்துணை இனிப்பினும் ஒருமுறை சுவைத்து விடத்தக்கதே.

நட்பு, இல்லம், கலை ஆகிய மூன்றும் ஒரு விளக்கின் தகழியும் நெய்யும் திரியும் போன்றவை. அவற்றுள் ஒன்றை அகற்றினும் விளக்கு எரியாது. இவ்வுண்மையை உணர்ந்து கதை படிக்கும் இளையோர் நாளை கதை எழுதுவோராகவும் ஆகக்கூடும். அன்று அவர் தம் தோழர்க்கும் தாய் தந்தையர்க்கும் தம் கலைக்கும் ஒருசேர நீதி வழங்குவாராக.